த்ராட்டில் பாடி எந்த அளவில் போடலாம்? டெல்டா வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம் பக்கம் பெட்ரோல் கார்களுக்கு இன்ஜெக்‌ஷன் வேலையும் ஸ்கேனர் வேலையும் பார்க்கிறேன். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எங்கிருந்து வண்டி வந்தாலும், பேச்சு சுற்றிச் சுற்றி த்ராட்டில் பாடியில் வந்து நிற்கிறது. பெரியதாக மாட்டினால் வண்டி பிய்த்துக்கொண்டு போகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கணக்கோடு கொடுத்திருக்கிறேன். காசைக் கொட்டும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

த்ராட்டில் பாடின்னா எதுண்ணே? அது என்ன வேலை செய்யுது?

ஏர் ஃபில்டரிலிருந்து கிளம்பும் குழாய் எங்கே போய் முடிகிறதோ, அங்கே இருக்கும் அலுமினிய உருளைதான் த்ராட்டில் பாடி. உள்ளே ஒரு தண்டில் வட்டத் தகடு மாட்டியிருக்கும், பட்டர்ஃபிளை என்போம். ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திரும்பி வழிவிடும், காற்று மேனிஃபோல்டுக்குள், அதாவது சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்க்குள் போகும். பழைய வண்டிகளில் கேபிள் இழுக்கும். இப்போது வருபவற்றில் மிதியில் ஒரு சென்சார், த்ராட்டிலில் ஒரு சின்ன மோட்டார், நடுவில் ஈசியூ, அதாவது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்.

பெட்ரோலை அளப்பது த்ராட்டில் இல்லை. உள்ளே போன காற்றைப் பார்த்து ஈசியூதான் அதற்கேற்ற பெட்ரோலைப் பீய்ச்சச் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிச் சந்தேகம் தானாகவே தீரும்.

பெரிய த்ராட்டில் பாடி போட்டா பவர் ஏறுமா, ஏறாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி என்றால், ஏறாது.

மதகை அகலப்படுத்தினால் மட்டும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் கூடிவிடுமா? வாய்க்கால் கொள்ளும் அளவுதானே பாயும். இன்ஜினில் அந்த வாய்க்கால் என்பது மேனிஃபோல்ட், ஹெட்டில் காற்று நுழையும் வழியான போர்ட், வால்வு, அந்த வால்வைத் திறக்கும் கேம். இவை விடும் காற்றைவிட அதிகமாகவே விடக்கூடிய த்ராட்டிலைத்தான் பெரும்பாலும் கம்பெனிக்காரர்கள் வைத்திருப்பார்கள். ஹெட், கேம் வேலை செய்து, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரம்பையும் ஏற்றிய வண்டி என்றால் பதில் மாறும். அதைக் கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

அளவு அளவுன்னு சொல்றீங்களே, எதை எங்க வச்சு அளக்கணும்?

தகடு உட்காரும் இடத்தில் உள்விட்டத்தை அளக்க வேண்டும். நிறையப் பேர் வெர்னியரை ரப்பர் குழாய் மாட்டும் வாயில் வைத்து அளந்துவிட்டு, 60 எம்எம் என்று போனில் சொல்கிறார்கள். அந்த வாய் பெரும்பாலும் புனல் மாதிரி விரிந்திருக்கும். உள்ளே போகப் போகக் குறுகும். தகட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அதன் விளிம்பு உரசும் வட்டத்தில் வைத்து அளப்பதே சரி. மோட்டார் வைத்த த்ராட்டில் என்றால் சாவியை எடுத்து, கனெக்டரைக் கழற்றிய பிறகுதான் தகட்டில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று, விட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. காற்றுக்கு வேண்டியது பரப்பு. விட்டம் 50-லிருந்து 55 ஆனால் கூடியது 10 சதவீதம் என்று தோன்றும். பரப்போ 21 சதவீதம் கூடிவிடும். எதிர்ப் பக்கமும் உண்டு. தகடு முழுக்கத் திறந்தாலும் தண்டு நடுவில் குறுக்கே நிற்கும். 46 எம்எம் துளையில் 8 எம்எம் தண்டு நின்றால், பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. அதனால்தான் ரேஸ் த்ராட்டில்களில் தண்டை நடுவில் பாதியாகச் செதுக்கியிருப்பார்கள். அதே 46 எம்எம்தான், ஆனால் கூடுதல் காற்று விடும்.

என் வண்டிக்கு எவ்வளவு காத்து வேணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். ஆகவே லிட்டர் கணக்கில் கொள்ளளவை எடுத்து, உச்ச ஆர்பிஎம்மில் பாதியால் பெருக்குங்கள். இன்ஜின் முழுதாக நிரம்பாது என்பதால் இன்னொரு எண்ணாலும் பெருக்க வேண்டும். சாதாரண வண்டிக்கு 0.85 வைக்கலாம். நன்றாக வேலை செய்த ஹெட் என்றால் 0.95, ஏன் 1 கூட வைக்கலாம்.

ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி வண்டிகளில் பார்க்கும் 1197 சிசி இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். 6000 ஆர்பிஎம் வைத்தால் 1.197 பெருக்கல் 3000, அதாவது 3591 லிட்டர். 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 3050 லிட்டர், நொடிக்கு 51 லிட்டர். உச்ச வேகத்தில் இந்த இன்ஜின் கேட்பது அவ்வளவுதான்.

சரி, காத்து அளவு தெரிஞ்சாச்சு. அதுக்கு எத்தனை எம்எம் போடணும்?

இப்போது காற்று எவ்வளவு வேகத்தில் த்ராட்டிலைக் கடக்கிறது என்று பார்க்க வேண்டும். 46 எம்எம் த்ராட்டில் என்று வைத்துக்கொள்வோம். வட்டப் பரப்பு 1662 சதுர எம்எம். 8 எம்எம் தண்டு மறைப்பதைக் கழித்தால் கிட்டத்தட்ட 1290. நொடிக்கு 51 லிட்டர் அதன் வழியே போக வேண்டுமானால் காற்றின் வேகம் நொடிக்கு 39 மீட்டர். நம் ஊர் 35 டிகிரி காற்றுக்கு அந்த வேகத்தில் அழுத்த இழப்பு ஏறத்தாழ 0.9 கிலோபாஸ்கல். வெளியே காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். ஆக, நூற்றில் ஒரு பங்குகூட இழப்பு இல்லை.

அதைக் கழற்றிவிட்டு 52 எம்எம் மாட்டினால் வேகம் 30 மீட்டராகக் குறையும், இழப்பு 0.5 கிலோபாஸ்கல் ஆகும். மிச்சம் பிடித்தது 0.4. எண்பது சொச்சம் குதிரைத்திறன் உள்ள இன்ஜினில் இது அரைக் குதிரைத்திறனைக்கூட எட்டாது. இதற்குத்தான் ஆயிரக்கணக்கில் செலவழிக்கச் சொல்கிறார்கள்.

நான் கையில் வைத்திருக்கும் அளவுகோல் இது: தண்டைக் கழித்த பரப்பில், உச்ச ஆர்பிஎம்மில், வேகம் 40 மீட்டருக்குள் இருந்தால் த்ராட்டிலைத் தொடாதீர்கள். 40-லிருந்து 60 வரை போனால், மற்ற வேலைகளை முடித்துவிட்டு யோசிக்கலாம். 60-ஐத் தாண்டினால் இழப்பு 2 கிலோபாஸ்கலை மீறும். அப்போது பெரிய த்ராட்டில் நியாயம். இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 60-க்கு மேல் ஒவ்வொரு மீட்டரும் கடிக்கும்.

நான் தஞ்சாவூர் – கும்பகோணம் ரோட்டுலதான் ஓட்டுறேன். எனக்கு இந்த 6000 ஆர்பிஎம் கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. மாட்டு வண்டி, டவுன் பஸ், ரோட்டில் காயப்போட்ட நெல் என்று பார்த்துப் போகிற இடத்தில் இன்ஜின் பெரும்பாலும் 1500-லிருந்து 3000-க்குள் ஓடுகிறது. 2500 ஆர்பிஎம்மில் முழுக்க மிதித்தாலும் அதே 46 எம்எம் த்ராட்டிலில் காற்றின் வேகம் 16 மீட்டர்தான். இழப்பு 0.15 கிலோபாஸ்கல், இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஓட்டும் ஓட்டத்துக்குப் பெரிய த்ராட்டில் எந்த வேலையும் செய்யாது.

கணக்கெல்லாம் தலை சுத்துது. வண்டியிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்க்க முடியாதா?

தாராளமாக முடியும், கணக்கைவிட அதுவே நம்பகமானது. மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டி என்றால், ஸ்கேனர் சாக்கெட்டில் செருகி போனில் எண்ணைக் காட்டும் ஒரு ஓபிடி ப்ளூடூத் கருவி போதும். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் மேனிஃபோல்ட் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். டெல்டா முழுக்கக் கிட்டத்தட்டக் கடல் மட்டம் என்பதால் 100, 101 என்று வரும். அப்புறம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், பக்கத்தில் ஒருவரைத் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் கியரில் முழுக்க மிதித்து உச்ச ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள்.

98, 99 என்று நின்றால் வழியில் தடை இல்லை. 95-க்குக் கீழே இறங்கினால் எங்கோ அடைப்பு. ஆனால் அது த்ராட்டில்தான் என்று முடிவு கட்டாதீர்கள். புது ஏர் ஃபில்டர் மாட்டி மறுபடி பாருங்கள். முக்கால்வாசி வண்டிகளில் எண் அங்கேயே சரியாகிவிடும்.

அறுவடை முடிஞ்சதும் வண்டி இழுக்கவே மாட்டேங்குது. த்ராட்டில் மாத்தணுமா?

மாற்ற வேண்டாம், திறந்து பாருங்கள். குறுவை அறுவடையிலும், தை மாசி சம்பா அறுவடையிலும் மெஷின் கிளப்பும் தூசியும் பதரும் நேராக ஏர் ஃபில்டரில் போய் உட்காரும். அந்த மாதங்களில் கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

த்ராட்டிலின் முன்பக்கம் பளபள என்று இருக்கும். குழாயைக் கழற்றி டார்ச் அடித்துவிட்டு எல்லாம் சுத்தம் என்று மூடிவிடுவார்கள். தகட்டைத் திறந்து பின்பக்கம் பார்க்க வேண்டும். கிராங்க் கேஸிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் கரியும் சேர்ந்து, தகடு மூடும் இடத்தில் சுற்றிலும் ஒரு கறுப்பு வளையம் கட்டியிருக்கும். விரலால் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும். ஐடிலிங் ஏறி இறங்குவதும், மிதி முதலில் இறுகிப் பிறகு திடீரென்று பாய்வதும் இந்த வளையத்தால்தான். த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தெடுங்கள், நேராக உள்ளே பீய்ச்சினால் மோட்டார் பக்கமும் சென்சார் பக்கமும் இறங்கும். சில த்ராட்டில்களில் தகடு உட்காரும் இடத்தில் ஒரு பூச்சு இருக்கும், அதை எமரி போட்டுத் தேய்த்துவிடக் கூடாது. முடித்ததும் ஸ்கேனரில் ஐடில் லேர்னிங் செய்துவிடுங்கள், அதாவது தகடு மூடும் இடத்தை ஈசியூவுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுங்கள்.

பெரிய த்ராட்டில் கேட்டு வந்த பல பேர் இந்த வேலை முடிந்ததும் சந்தோஷமாகத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் உப்புக் காத்து. அது த்ராட்டிலைத் தின்னுமா?

அலுமினிய பாடியில் வெள்ளைப் பொடி பூக்கும், அதனால் உடனே கெட்டுவிடாது. கவனிக்க வேண்டியது கனெக்டர். பின்னில் பச்சை பிடித்தால் சென்சார் எண் குதிக்கும், மிதி தடுமாறும்.

நண்பன் வண்டியில பெருசு மாட்டினான், லேசா மிதிச்சாலே பறக்குது. அது பவர் இல்லையா?

பெரிய துளையில் தகடு கொஞ்சம் திரும்பினாலே நிறையக் காற்று போகும். முன்பு மிதியைப் பாதி அழுத்திக் கிடைத்தது இப்போது கால்வாசியிலேயே கிடைத்துவிடுகிறது. பவர் கூடவில்லை, முன்னாலேயே வந்துவிடுகிறது. மீதி மிதியை அழுத்தினாலும் ஒன்றும் சேராது.

அதோடு கும்பகோணம் பெரிய கடைத்தெரு மாதிரி நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துபோகும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். வயதானவர்களைப் பின் சீட்டில் வைத்து ஓட்டுபவர்களுக்கு இது பெரிய தொல்லை. மிதியின் சிக்னலை மாற்றிக் கொடுக்கும் பெட்டி ஒன்று விற்கிறார்களே, அதுவும் இதே உணர்வைத்தான் தரும். அது பிடித்திருந்தால் அந்தப் பெட்டியே மேல், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்.

மைலேஜ் கூடுமா, குறையுமா?

இரண்டும் இல்லை. அறுபதில் போக இன்ஜினுக்கு இவ்வளவு காற்று என்று ஒரு கணக்கு உண்டு. பெரிய த்ராட்டிலானால் தகடு குறைவாகத் திறந்து அதே காற்றை விடும். மேனிஃபோல்ட் அழுத்தமும் அதேதான், பெட்ரோலும் அதேதான். கால் துறுதுறுவென்று மிதித்தால் மைலேஜ் குறையும், அது த்ராட்டிலின் குற்றம் இல்லை.

சின்ன வாய் வைத்தால் மைலேஜ் என்ற பேச்சு அம்பாசடர், பத்மினி காலத்தது. கார்புரேட்டரில் குறுகலான தொண்டை வழியே ஓடும் காற்றுதான் பெட்ரோலை உறிஞ்சும். அளவு தப்பினால் கலவையே கெடும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த உறவு இல்லை, முதல் கேள்வியில் சொன்னதுதான்.

டீசல் வண்டிக்கு?

டீசலில் பவரைக் கூட்டிக் குறைப்பது உள்ளே போகும் டீசலின் அளவுதான். சிலவற்றில் அதே மாதிரி ஒரு தகடு இருக்கும். அது ஈஜிஆருக்கும் (புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஏற்பாடு), இன்ஜினை அதிராமல் நிறுத்தவும் வைத்தது. இந்தப் பக்கம் உங்களுக்கானது இல்லை.

சிஎன்ஜி போட்டதும் பவர் குறைஞ்சுது. பெரிய த்ராட்டில் ஈடு கட்டுமா?

கட்டாது. சிஎன்ஜி வாயுவாகவே மேனிஃபோல்டில் நுழைகிறது. கலவையில் பத்தில் ஒரு பங்கு இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. அவ்வளவு காற்று குறையத்தான் செய்யும். அடைப்பு த்ராட்டிலில் இல்லை என்பதால் அதைப் பெரிதாக்கிப் பயனில்லை. ஸ்பார்க் பிளக் இடைவெளியும் ஃபில்டரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊட்டிக்குப் போனா மூச்சு முட்டுதே, அதுக்காவது?

ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல்தான். இன்ஜின் இழுக்கும் லிட்டர் கணக்கு மாறவில்லை, ஒவ்வொரு லிட்டரிலும் காற்று குறைவு. த்ராட்டிலை எவ்வளவு பெரிதாக்கினாலும் மலைக்காற்று கெட்டியாகாது.

பழைய த்ராட்டிலையே லேத்ல கொடுத்து பெருசு பண்ணிக்கலாமா?

நல்ல லேத் ஆள் கிடைத்தால் ஒன்றிரண்டு எம்எம் எடுக்கலாம். ஆனால் தகடுதான் கஷ்டம். அது முழு வட்டமாக இருக்காது. சில டிகிரி சாய்ந்த நிலையில் மூடுவதற்காக ஒரு துளி நீள்வட்டமாக, விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். சாதா பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டிப் போட்டால் ஓரத்தில் காற்று கசியும், இல்லாவிட்டால் தகடு சிக்கி நிற்கும். ஓடும்போது த்ராட்டில் திறந்தபடி சிக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 46-ஐ 47 ஆக்கிக் கிடைப்பது 4 சதவீதப் பரப்பு. அதற்காக இந்த ஆபத்தை நான் எடுக்க மாட்டேன்.

வேற வண்டியோட பெரிய த்ராட்டிலை அப்படியே மாட்டினா ஈசியூ ஒத்துக்குமா?

எந்தக் கோணத்தில் எவ்வளவு காற்று போகும் என்று ஈசியூவிடம் ஒரு கணக்கு எழுதிவைத்திருக்கிறது. அது 46 எம்எம்முக்கு எழுதியது. பெரியது வந்தால் மூடிய நிலையிலேயே சுற்றளவு கூடுவதால் ஓரக் கசிவு கூடும். ஐடிலிங் 750-க்குப் பதில் 1100-இல் நிற்கும், ஐடிலிங் அதிகம் என்று சொல்லும் பி0507 எரர் கோடு ஸ்கேனரில் வரும். மோட்டார் த்ராட்டிலாக இருந்தால் எண்கள் ஒத்துவராமல் பவரைக் குறைத்து ஓடும் நிலைக்கே போய்விடலாம். ரீமேப், அதாவது ஈசியூவின் கணக்கைத் திருத்தி எழுதுவது, இல்லாமல் செய்யும் வேலை இல்லை இது.

மாட்டும் இடத்தையும் பாருங்கள். மேனிஃபோல்ட் வாய் 46-ஆக இருந்து, மேலே 52 வைத்தால், சுற்றிலும் 3 எம்எம் படி ஒன்று காற்றுக்குக் குறுக்கே நிற்கும். கேஸ்கெட்டைக் கழற்றினால் அந்தப் படியின் மேல் தூசிக் கோடு வளையமாகத் தெரியும். மேனிஃபோல்ட் வாயை உள்நோக்கிச் சாய்வாக இழைத்து இரண்டையும் ஒட்ட வைக்காவிட்டால் 46-இன் வேலைதான் நடக்கும்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ்ல பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. வாரண்டி போகும், கிளெய்ம் நேரத்தில் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். ரோட்டில் ஓடும் வண்டியில் வேண்டாம் என்பதே என் பதில். கோயம்புத்தூர் கரி ரேஸ் ட்ராக், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் என்று ஓட்டுவதற்கென்றே தனியாக வைத்திருக்கும் வண்டி என்றால் மேலே படியுங்கள்.

டர்போ வண்டிக்குக் காத்து அதிகமாச்சே, அப்போ பெருசு வேணும்தானே?

எடை அதிகம், லிட்டர் அதிகம் இல்லை. த்ராட்டில் இன்டர்கூலருக்குப் பின்னால் இருப்பதால் அங்கே வருவது ஏற்கெனவே அமுக்கப்பட்ட காற்று. 998 சிசி டர்போவும் சாதா 998 சிசியும் த்ராட்டிலைக் கடக்க விடும் லிட்டர் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு கிலோபாஸ்கல் இழந்தால் டர்போவே அதை ஈடு கட்டிவிடும். டர்போவில் காசு போட வேண்டிய இடம் ஏர் ஃபில்டர் பக்கமும் இன்டர்கூலரும்.

ஆன்லைன்ல ஒருத்தன் 300 சிஎஃப்எம், இன்னொருத்தன் 350 சிஎஃப்எம்னு போட்டிருக்கான். 350-தானே பெட்டர்?

சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு. எந்த அழுத்த வித்தியாசத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள். ஒருவர் 28 அங்குலத் தண்ணீர் அழுத்தத்தில் அளப்பார், இன்னொருவர் ஒன்றரை அங்குலப் பாதரசத்தில். முதலாவது ஏறத்தாழ 7 கிலோபாஸ்கல், இரண்டாவது 5. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தில் ஏறுவதால், ஒரே த்ராட்டில் முதல் முறையில் 17 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 300-ம் 350-ம் ஒரே சாமானாகவே இருக்கலாம். அழுத்தம் போடாத சிஎஃப்எம் எண்ணை நம்பி வாங்காதீர்கள். நம் 1197 சிசி கேட்டது 108 சிஎஃப்எம்தான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் வேலை, கேம் எல்லாம் முடிச்சாச்சு. 7500 வரை ஏறுது. இப்ப என்ன போடட்டும்?

இப்போது கேள்வி சரியான இடத்தில் இருக்கிறது. அதே 1197 சிசி, 7500 ஆர்பிஎம், நிரப்பல் 0.95 என்றால் நொடிக்கு 71 லிட்டர். 46 எம்எம்மில் வேகம் 55 மீட்டர், இழப்பு 1.7 கிலோபாஸ்கல். 52 போட்டால் 42 மீட்டர், இழப்பு ஒரு கிலோபாஸ்கல். 56 போட்டால் 35. நான் 52-ஐ எடுப்பேன். 56-இல் கூடுதலாகக் கிடைப்பது 0.3; அதற்கு விலையாகக் குறைந்த வேகத்தில் மிதி கட்டுப்பாடு போகும், ட்ராக்கில் வளைவிலிருந்து வெளியே வரும்போது அதுதான் நேரத்தைத் தின்னும். தண்டைச் செதுக்கிய 50 கிடைத்தால் அது இன்னும் நல்லது.

நாலு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் போடலாம்னு இருக்கேன். 46 எம்எம் பரப்பை நாலால வகுத்தா 23 எம்எம்தான் வருது. இது சரியா?

சரியில்லை. இந்த இடத்தில் சராசரிக் கணக்கு கவிழ்த்துவிடும். ஒற்றை த்ராட்டிலில் நான்கு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பதால் காற்று ஏறத்தாழ விடாமல் ஓடுகிறது. தனி த்ராட்டிலிலோ அந்தச் சிலிண்டர் இழுக்கும் நேரம் மட்டும்தான் ஓட்டம். நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்று. அந்த ஒரு ஸ்ட்ரோக்கில் நொடிக்கு 51 லிட்டர் என்ற முழு வேகத்திலேயே இழுக்கும். கால்வாசிப் பரப்பில் அதே ஓட்டம் என்றால் வேகம் நாலு மடங்கு, இழப்பு பதினாறு மடங்கு, 0.9 என்று பார்த்தது 14 கிலோபாஸ்கலாகிவிடும்.

ஆகவே ஒவ்வொன்றும் ஒற்றை த்ராட்டிலின் அளவை நெருங்க வேண்டும். இந்த இன்ஜினுக்கு 40 எம்எம்மைச் சுற்றித் தொடங்கலாம். பிறகு மேப் சென்சார் எண் நிலையாக நிற்காது என்பதால் ஈசியூவில் பெட்ரோல் கணக்கை த்ராட்டில் கோணத்தை வைத்து எழுத வேண்டியிருக்கும். நான்கு தகடும் ஒன்றுபோல் திறக்கும்படி வேக்கூம் கேஜ் வைத்துச் சமன் செய்ய வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் முறையான ஃபில்டர் கட்டாயம். நம் பக்கத்துப் பதர்த்தூசியில் திறந்த வாயோடு ஓட்டினால் ஒரு அறுவடைக்குள் சிலிண்டர் சுவரில் கோடு விழுந்துவிடும்.